மூன்று மூலைத் திருப்புளி

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ஜெராக்ஸ் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லித் தேடினால் எதிர் வீட்டுக்காரருக்கே வழி தெரியாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் கடை. இரண்டு நகல் இயந்திரங்கள், லேமினேஷன் போட ஒன்று, உட்கார ஒரு ஸ்டூல். ஸ்டூல் சும்மா பேருக்குத்தான். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

வாய் கொஞ்சம் நீளம். மங்கிப்போன பத்திரத்தை நீட்டி ‘தெளிவா வருமா’ என்று கேட்கிறவரிடம், நீங்கள் கொடுத்தது தெளிவாக இருந்தால் நான் கொடுப்பதும் தெளிவாக இருக்கும் என்று வெடுக்கென்று சொல்லிவிடுவாள். ஆனால் சொன்னதோடு விடுகிற ஆளில்லை. பெரிதாக்குவாள், வெளிச்சத்தைக் கூட்டுவாள், குறைப்பாள், அந்த மங்கலுக்குள்ளிருந்து எழுத்தைக் காதைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிடுவாள். ‘பெருசு பண்ணிப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிடும்’ என்பது அவளுடைய வேதவாக்கு. மெஷினில் தாள் சிக்கினால் ஆள் வரும்வரை காத்திருக்க மாட்டாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, முழங்கைவரை கையை விட்டு, உருளையைத் திருப்பித் தாளை உருவி எடுத்துவிடுவாள்.

இப்பேர்ப்பட்டவளுக்குத்தான் மறை கழண்டுவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். எப்படிக் கட்டினார்கள் என்று கேளுங்கள்.

அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் அவளோடுதான் இருந்தாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. குரலும் நூலாகப் போய்விட்டது. அம்மாவுக்குக் கடைசியில் மிஞ்சிய சொற்கள் கொஞ்சம்தான், அவற்றில் முதல் சொல் ‘இந்தா’. மகளுக்கும் ‘இந்தா’, பேத்திக்கும் ‘இந்தா’, ஜன்னலில் வந்து உட்காரும் பூனைக்கும் ‘இந்தா’. டாக்டர் வந்தால் மட்டும் மரியாதைக்கு ஒரு ‘ங்க’ சேர்ந்துகொள்ளும். மருமகனிடம் அம்மா நேருக்கு நேர் பேசியதே கிடையாது. ‘அவரச் சாப்பிடச் சொல்லு’, ‘அவருக்கு ஃபேன் போடு’ என்று எல்லாம் மகள் வழியாகத்தான்.

அந்த மருமகனுக்கு, அதாவது அவளுடைய புருஷனுக்கு, குடிநீர் பம்ப் ஹவுஸில் இரவு வேலை. பகலில் தூங்கியாக வேண்டும். அவளுக்கோ பகலெல்லாம் கடை. அம்மாவின் அறை வீட்டின் கோடியில். அங்கிருந்து அந்த நூல் குரல் படுக்கையறைக்கு எட்டாது. அதனால் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வாங்குகிற ஜோடிப் பெட்டி ஒன்று வாங்கினாள். ஒரு பெட்டி இந்த அறையில் கேட்கும், இன்னொரு பெட்டி அந்த அறையில் சொல்லும். கேட்கிற பெட்டி அம்மாவின் தலையணைப் பக்கம், சொல்கிற பெட்டி புருஷனின் தலைமாட்டில். காலையில் கடைக்குக் கிளம்புமுன் சத்தச் சக்கரத்தைக் கடைசிவரை திருப்பி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். மாலையில் வந்ததும் அம்மா பக்கத்திலேயே பாயைப் போட்டுவிடுவாள். அப்புறம் அவளுக்கு எதற்குப் பெட்டி?

அம்மா ஒரு மத்தியானத்தில் போனாள். அன்று காலையே அம்மாவின் முகம் சரியில்லை. ஆனால் கடையில் விண்ணப்பம் போடுகிற கூட்டம், போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டவளைப் புருஷன் தோளைப் பிடித்துத் தூக்கிச் சொன்னான்: “பெட்டி என் தலைமாட்டுலதான் இருந்துச்சு. ஒரு சத்தமும் வரல. தூக்கத்துலயே போயிட்டாங்க.”

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அதற்கப்புறம் சோறு தின்றாள். அம்மா கூப்பிடவில்லை. கூப்பிட்டு யாரும் வராமல் போகவில்லை. இந்த ஆறுதல் மட்டும் இல்லையென்றால் அவள் என்ன ஆகியிருப்பாளோ, யார் கண்டது.

அம்மாவின் மெத்தை, துணிமணியோடு கேட்கிற பெட்டியும் வீட்டைவிட்டுப் போனது. சொல்கிற பெட்டி மட்டும் சமையலறை அலமாரிக்கு வந்து, பிளக்கில் சொருகியபடியே இருந்தது. பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. பச்சை விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு விடுமுறை நாள். சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து, மெல்ல, ‘இந்தாங்க’ என்றது.

கை அப்படியே நின்றது. குழாயை மூடினாள். அடுப்பங்கரையில் ஒரு மூச்சுச் சத்தம், சளி கட்டிய மூச்சு, இழுத்து இழுத்து வந்தது. பிறகு மறுபடியும், ‘இந்தாங்க’. அது பெட்டிப் பக்கத்திலிருந்துதான் வந்தது. சத்தம் வந்தால் மேலே வரிசையாக எரிய வேண்டிய சிவப்பு விளக்குகள் எதுவும் எரியவில்லை. ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெராக்ஸ் அக்கா பேய் பிசாசு என்று பதறி ஓடுகிறவள் இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அது அம்மா இல்லை. அம்மாவாக இருந்தால் தன்னை ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற மகளுக்கு ‘ங்க’ போட்டுக் கூப்பிடுகிற தாய் எங்கே இருக்கிறாள்? ஆக இது வேறு யாரோ. அக்கம்பக்கத்தில் எங்கோ ஒரு வீட்டில் இதே மாதிரி ஜோடிப் பெட்டி இருக்கிறது. அங்கே ஒரு கிழவி கிடையாகக் கிடக்கிறாள். அவளுடைய குரல் வழி தவறி இந்தப் பெட்டிக்கு வருகிறது. பாவம், கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருத்தரும் போகவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி கேட்டது. பகலில்தான், கடைக்குக் கிளம்புமுன்னோ விடுமுறை நாளிலோ, புருஷன் உள்ளே தூங்க அவள் அடுப்பங்கரையில் தனியாக இருக்கும்போதுதான். அவள் வீடு வீடாகப் போய் உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் இருக்கிறார்களா என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறவர்களின் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? விஷயம் ஊருக்குப் பரவி, வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளின் காதுக்கும் போயிற்று. மகள் பதறிப்போய் ஒரு மனநல டாக்டரிடம் பெயர் பதிந்துவைத்தாள்.

புருஷனோ முதலில் சிரித்தான். “உனக்கு மறை கழண்டுடுச்சும்மா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கற மாதிரி, உனக்குக் கேக்கறதெல்லாம் உங்கம்மா” என்றான். எனக்கு எதுவும் கேட்கவில்லையே என்று கையை விரித்தான். ஆனால் அவன் கொஞ்ச நாளாகக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் படுத்தான். எனக்கு மட்டும்தானே கேட்கிறது, உங்களுக்கு எதற்குப் பஞ்சு என்று கேட்டாள். தெருவில் ஹார்ன் சத்தம் தாங்கவில்லை என்றான். ஒருமுறை பெட்டியைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டான். அவள் வாழைப்பழத் தோலைத் துடைத்துவிட்டு மறுபடி கொண்டுவந்து பிளக்கில் சொருகினாள்.

வழி சொன்னது நகல் மெஷினுக்கு டிரம் மாற்ற வந்த மெக்கானிக். இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு உள்ளே, சேனல் மாற்றுகிற குட்டி சுவிட்ச் ஒன்று இருக்கும் என்றான். அதைத் தள்ளிவிட்டால் பக்கத்து வீட்டுச் சத்தம் நின்றுபோகும். நின்றுவிட்டால் அது பக்கத்து வீட்டுச் சத்தம்தான் என்று ஆகிவிடுகிறது அல்லவா? அவளுக்கு அது போதும். மகளிடம் போனில் ஒப்பந்தம் போட்டாள். சுவிட்சைத் தள்ளிப் பார்க்கிறேன். சத்தம் நின்றால் டாக்டரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நிற்காவிட்டால் நீ கூப்பிடுகிற இடத்துக்கு வாயைத் திறக்காமல் வருகிறேன். “சரிம்மா. ஆனா பேச்சு மாறக்கூடாது” என்றாள் மகள்.

பெட்டியைத் திறந்தால்தானே சுவிட்ச்! முதலில் சமையல் கத்தியின் முனையை விட்டுப் பார்த்தாள், ஆணித் தலையில் கோடுதான் விழுந்தது. வீட்டிலிருந்த பிளஸ் திருப்புளியை அழுத்தினாள், அது வழுக்கி விரலைக் கிழித்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் அந்த ஆணி பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. என்ன கண்றாவியோ, இத்துனூண்டு பள்ளம்.

அவள் வேறென்ன செய்வாள்? பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போய், மெஷின் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, நகல் எடுத்தாள். அளவு மாறாமல் ஒன்று, நான்கு மடங்கு பெரிதாக்கி ஒன்று. மேலே இருந்த இரண்டு ஆணிகளும் பளிச்சென்று விழுந்தன. பள்ளம் முக்கோணம். கீழே இருந்த இரண்டும் கறுப்பு வட்டங்களாகத்தான் வந்தன. வெளிச்சத்தைக் கூட்டியும் பிரயோஜனமில்லை.

அந்தத் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் எலெக்ட்ரானிக் சாமான் விற்கிறவனின் கடைக்குப் போனாள். முப்பது வயதுக்காரன், எதற்கும் சிரிப்பவன். தாளை விரித்துப் பார்த்து, “என்னக்கா இது, ஆணிக்கு எக்ஸ்ரேவா?” என்றான்.

முதலில் ஒரு திருப்புளிப் பெட்டி எடுத்துவைத்தான். சீப்புப் பல் மாதிரி வரிசையாக முனைகள், எல்லா வடிவமும் இருந்தது, பிடி ஒன்றுதான். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒன்றை வாங்கினால் ஆயுசுக்கும் போதும். ஆனால் அவன் கறுப்பு வட்டங்களைத் தொட்டு, இவை ஆழமான குழியா என்று கேட்டான். ஆமாம், சுண்டுவிரல்கூட நுழையாது என்றாள். அப்படியானால் இது உதவாது என்று பெட்டியை மூடிவிட்டான். முனையைச் செருகுகிற கழுத்து தடிமன், குழி வாயிலேயே முட்டி நின்றுவிடுமாம். தனித் தண்டு வேண்டும், நீளமாக, ஒல்லியாக.

அப்படி ஒன்று எடுத்துக் கொடுத்தான். ஒரு பழைய பலகையில் இருந்த முக்கோண ஆணியில் வைத்துத் திருப்பச் சொன்னான். இரண்டு திருப்பில் முனை மழுங்கி, ஆணியின் வாயில் வெள்ளையாகத் தூள் நின்றது. ‘இரும்பு பச்சையா இருக்கு, பதம் ஏத்தல’ என்று அவனே தூக்கிப் போட்டான். அடுத்ததற்குக் கறுத்த முனை, தலைப்பக்கம் தனியாகச் சுழலும் ஒரு குமிழ். ஆள்காட்டி விரலால் குமிழை அழுத்திக்கொண்டு, கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து தண்டை உருட்ட வேண்டும். அழுத்தம் வேறு, திருப்பம் வேறு. அவள் கைக்கு அது சட்டென்று பிடிபட்டது. குழிக்குள்ளிருந்து ஆணியைத் தூக்க முனையில் காந்தமும் இருந்தது. அதில் இரண்டு அளவு. அவள் அளவு மாறாத நகலை மேஜைமேல் வைத்து, முக்கோணத்தின்மேல் முனையை நிறுத்திப் பார்த்தாள். ஒன்று பள்ளத்தைவிடக் கொஞ்சம் சிறிது, மற்றது கச்சிதம்.

“ஆடுற முனை வேண்டாம்க்கா. ஆடுச்சுன்னா ஆணியோட மூலையத் தின்னுடும்” என்று பெரியதை அவள் கையில் கொடுத்தவன், பெரிதாக்கிய நகலை மறுபடி எடுத்துப் பார்த்தான். சிரிப்பு நின்றது. “இத முன்னாடியே யாரோ தொறந்திருக்காங்க.”

கத்தியால் நோண்டியது நான்தான் என்றாள்.

“கத்திக் கோடு நேரா இருக்கு, அது தெரியுது. இது வேற. மூணு மூலையிலயும் பிசிறு பாருங்க, கழட்டுற பக்கமா. சரியான முனைய வெச்சுத்தான் கழட்டியிருக்காங்க.”

புதுப் பெட்டி தம்பி, சீல் உடைத்தது நான் என்றாள். அவன் தோளைக் குலுக்கி, “பெருசு பண்ணிட்டு வந்தது நீங்கதானே” என்றான்.

யாரோ ஏற்கெனவே ஆணியைக் கழற்றிய பெட்டியைப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டானே என்று, விற்றவனை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டு வாயில் இருந்தது, மனதுக்குள் வேறு ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது.

வீட்டில் புருஷன் குளித்துவிட்டுத் தூங்கப் போகிற நேரம். கையில் திருப்புளியைப் பார்த்ததும், “எதுக்கு, உன் மறைய முறுக்கிக்கறதுக்கா?” என்று கேலி செய்தபடி வாங்கிப் பார்த்தான். முனையைப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றியது. அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“அதத் தொறக்காத. கரண்ட் அடிக்கும்.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறப்பேன் என்றாள்.

“தூக்கிப் போட்டுடலாம்மா. புதுசு வாங்கித் தரேன்” என்றான். இரண்டாவது வாக்கியத்தின் முட்டாள்தனம் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். கிடையாகக் கிடக்க இனி அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? திருப்புளியை மேஜைமேல் வைத்துவிட்டு, பஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டே அறைக்குள் போனான்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. ஜன்னல் வழியாக வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. துண்டை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தாள். முதல் ஆணி நல்ல பிள்ளையாக வந்தது, இரண்டாவதும் வந்தது. குழிக்குள் இருந்தவைகூட அடம் பிடிக்கவில்லை. முனை போய் உட்கார்ந்ததும் அரைத் திருப்பில் தளர்ந்து, காந்தத்தில் ஒட்டிக்கொண்டு மேலே வந்தன. தொழிற்சாலையில் முறுக்கிய ஆணி இவ்வளவு லேசாக வராது. மெஷின்களோடு காலம் தள்ளுகிறவளுக்கு அது தெரியாதா? தெரிந்தது. மூடியைத் தூக்கினாள்.

சுவிட்சைத் தேடவே இல்லை. கண் நேராக ஸ்பீக்கர்மேல் போய் நின்றது. அதிலிருந்து சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு கம்பிகள் கிளம்பின. இரண்டும் பாதியில் நின்றன. வெட்டு சுத்தமாக இருந்தது. வெட்டிய நுனிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, தனித்தனியாக நீல டேப் சுற்றியிருந்தது. பம்ப் ஹவுஸ் நீல டேப். அவன் சாப்பாட்டு டப்பாவின் உடைந்த பிடியில் சுற்றியிருப்பதும் அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவன் இத்துனூண்டு கம்பியில் மறைத்திருக்கிறான்.

பச்சை விளக்கு எரியும். சக்கரம் திரும்பும். அவள் தினமும் காலையில் பார்த்துவிட்டுப் போனது அதைத்தான். பெட்டி மட்டும் வாயைத் திறக்காது. அவன் தூங்குவான்.

ஒரு சத்தமும் வரல. எப்படி வரும்?

அம்மா கூப்பிட்டிருக்கிறாள். கோடி அறையில், நூல் குரலில், அன்றைக்கு உயிர் போகும்வரை கூப்பிட்டிருக்கிறாள். வீட்டில் மகள் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். இருப்பது மருமகன் மட்டும்தான். பெயர் சொல்ல முடியாது, ‘இந்தா’ என்று சொல்ல முடியாது, இடையில் நின்று கேட்டுச் சொல்ல மகளும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அம்மா அவனை எப்படிக் கூப்பிட்டிருப்பாள் என்று இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த ‘ங்க’வை வைத்துக்கொண்டுதான் இது அம்மா இல்லை என்று ஊர் முழுக்க வாதாடினாள். அடிப்பாவி, அந்த ‘ங்க’தானே அம்மா!

அழுவதற்குள் இன்னொன்று உறைத்தது. இந்தப் பெட்டியால் பேச முடியாது. அம்மா போவதற்கு முன்பிருந்தே முடியாது. அப்படியானால் அடுப்பங்கரையில் அவள் கேட்டது?

பெட்டி அவளுக்கு முன்னால் வாயைப் பிளந்து கிடந்தது. பிளக் தரையில் கிடந்தது. கம்பிகள் நீல நுனிகளோடு தனித்தனியாக நின்றன. அங்கிருந்து, மெல்ல, இழுத்த மூச்சுக்கு நடுவில் வந்தது.

‘இந்தாங்க.’

படுக்கையறைக்குள்ளிருந்து, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஆழ்ந்து தூங்குகிறவனின் குரல், தூக்கத்திலேயே, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல வந்தது.

“வரேன் அத்த. இதோ வந்துட்டேன் அத்த.”

அவனுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவளுக்கு முன்னாலிருந்தே கேட்டிருக்கிறது.

ஜெராக்ஸ் அக்கா மூடியை எடுத்துப் பொருத்தினாள். கம்பிகளை ஒட்டவில்லை, டேப்பைப் பிரிக்கவில்லை. நான்கு ஆணிகளையும் ஒவ்வொன்றாகக் குழிக்குள் இறக்கி, குமிழை விரலால் அழுத்திக்கொண்டு, முனை ஆடாமல், இனி திரும்பாது என்கிறவரை முறுக்கினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், பழைய இடத்தில், அவன் தலைமாட்டில் வைத்தாள். பிளக்கைச் சொருகினாள். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். சத்தச் சக்கரத்தைக் கடைசிவரை திருப்பினாள்.

பிறகு குனிந்து அவன் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள், முதலில் இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம். அவன் கண்ணைத் திறந்தான். பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவள் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான். அவளுக்கு அவனிடம் கேட்க ஒன்றுமே இருக்கவில்லை.

“எந்திரிங்க” என்றாள். “உங்களத்தான் கூப்பிடுறாங்க.”